வயிற்றுத் தமனிகளின் கிளைவழிகள்: டிசெக்‌ஷன் ஹாலில் கால் வைப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

ஆசாரிப்பள்ளத்திலோ குலசேகரத்திலோ மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளைக் கோட்டு தைத்தாகிவிட்டது. கை, கால் முடிந்து இப்போது வயிற்றுப் பகுதிக்கு வந்திருக்கிறோம். புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது. மேசைமேல் இருக்கும் உடலில் அந்தப் படம் இல்லை. தமனி வர வேண்டிய இடத்தில் வரவில்லை, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிற்கின்றன. "நாம்தான் தப்பாக வெட்டிவிட்டோமோ" என்ற பயம் வருகிறது.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தப்பு உங்கள் கையில் இல்லை. வாருங்கள், முதலிலிருந்து சேர்ந்தே போவோம்.

யாருக்கு இது?

முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவருக்கு. குறிப்பாக, 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு நேராக ஆங்கில உடற்கூறு நூலுக்குள் விழுந்தவர்களுக்கு. பெயர்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், வைவாவும் ஆங்கிலத்தில்தான். ஆனால் விஷயத்தை முதலில் தமிழில் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இது ஒன்றும் புதிய முயற்சி இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த மருத்துவர் சாமுவேல் கிரீன் 1872லேயே 'மனுஷ அங்காதிபாதம்' என்று உடற்கூறு நூலைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார்.

என்ன பார்க்கப் போகிறோம்?

இதயத்திலிருந்து இறங்கிவரும் பெருந்தமனி, பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் வயிற்றுக்குள் நுழைகிறது. நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. இந்த இடைவெளியில்தான் நம் வேலை.

முன்பக்கம் மூன்று ஒற்றைக் கிளைகள். மேலே சீலியாக் டிரங்க்: இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. அதற்குக் கீழே சுப்பீரியர் மெசென்டரிக்: சிறுகுடலுக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும். இன்னும் கீழே இன்ஃபீரியர் மெசென்டரிக்: பெருங்குடலின் மீதிக்கு. பக்கவாட்டில் சிறுநீரகத்துக்கு ஒன்று வீதம் இரண்டு ரீனல் தமனிகள். வேறு கிளைகளும் உண்டு, ஆனால் முதல் முறைக்கு இந்த ஐந்து போதும்.

ஒரே ஒரு விதியை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாயும் ஊர்க்காரர்களுக்கு அது எளிதில் புரியும். தோவாளைச் சானல் எந்த இடத்தில் பிரிகிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஆனால் தோவாளைக்குத் தண்ணீர் கொண்டுபோவதால் அது தோவாளைச் சானல் என்பது எல்லோருக்கும் தெரியும். தமனிக்கும் அப்படித்தான். கல்லீரலுக்குப் போனால் அது ஹெபாட்டிக், சிறுநீரகத்துக்குப் போனால் ரீனல். எங்கிருந்து கிளம்பியிருந்தாலும் சரி. ஆகவே, போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் எந்தத் தமனிக்கும் பெயர் வைக்கக் கூடாது.

எவ்வளவு பேருக்கு மாறும்?

நினைப்பதைவிட அதிகம். சீலியாக் டிரங்க் மூன்றாகப் பிரியும் என்று 1756இல் ஹாலர் விவரித்தார். கொரியாவில் 5,002 பேரின் படங்களைப் பார்த்து 2010இல் வெளியான ஆய்வில், 89.1 சதவீதம் பேருக்கு அது வழக்கமான அமைப்பில் இருந்தது. பத்தில் ஒருவருக்கு இல்லை.

கல்லீரல் தமனி இன்னும் மோசம். மிக்கெல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்துப் பத்து வகையாகப் பிரித்து 1966இல் வெளியிட்டார். புத்தகப் படத்தோடு ஒத்துப்போனவை 55 சதவீதம்தான். 1994இல் ஹையாட் குழுவினர் 1,000 கொடையாளர் கல்லீரல்களைப் பார்த்தபோது 75.7 சதவீதம். கணக்கெடுக்கும் முறைக்கு ஏற்ப எண் மாறும். எப்படிப் பார்த்தாலும் நான்கில் ஒருவர் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறார். சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்: நூற்றுக்கு 25 முதல் 30 பேர்.

புத்தகம் வரைந்து காட்டுவது அதிகம் பேருக்கு இருக்கும் அமைப்பை. எல்லோருக்கும் இருப்பதை யாராலும் ஒரே படத்தில் வரைய முடியாது.

ஏன் மாறுகிறது?

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். கருவில் அது இடுப்புக்குழிக்குள்தான் உருவாகிறது. ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் படிப்படியாக மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் ஒவ்வொரு உயரத்திலும் பக்கத்திலிருக்கும் பெரிய தமனியிலிருந்து புதுக் கிளை வாங்கிக்கொள்கிறது, பழைய கிளை வாடி மறைகிறது. மறைய வேண்டியது மறையாமல் நின்றுவிட்டால் நம் மேசையில் இரண்டு ரீனல் தமனிகள் தெரியும்.

குடல் பக்கமும் கதை இதேதான். தொடக்கத்தில் பெருந்தமனியிலிருந்து குடலுக்கு ஏணிப்படி போலப் பல சிறு கிளைகள் போகின்றன. அவற்றை முன்பக்கத்தில் ஒரு நெட்டுக் குழாய் இணைக்கிறது. பிறகு பெரும்பாலான படிகள் மறைந்து மூன்று மட்டும் மிஞ்சுகின்றன. இணைப்புக் குழாய் எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதைப் பொறுத்து, கல்லீரலுக்குப் போகும் கிளை மேல் தமனியோடு நிற்கும் அல்லது கீழ்த் தமனியோடு போய்விடும். இந்த விளக்கம் 1904இல் டாண்ட்லர் தந்தது.

எதற்கு இவ்வளவு பாடு?

நெய்யூருக்குப் போய்ப் பார்ப்போம். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்டு சாமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் கூட்டம் நிரம்பி வழிவதைக் கண்டு அங்கேயே அறுவை மருத்துவராகத் தங்கினார். அந்நாளில் தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிகுதி. அந்த அனுபவத்தில் விளைந்தது, இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை சிகிச்சை பற்றி அவர் 1948இல் வெளியிட்ட நூல். கேரள எல்லைக்குள் இருக்கும் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத்தான் சுமக்கிறது. அவர் காலத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது. வயிற்றைத் திறந்த பிறகு கண்ணும் விரலும்தான் ஸ்கேன்.

அதே இரைப்பை அறுவையை இன்று எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்காக இரைப்பையை எடுக்கும்போது இடது காஸ்ட்ரிக் தமனியை அதன் வேரிலேயே கட்டுவார்கள். சிலருக்குக் கல்லீரலின் இடது பாதிக்கான தமனி அதிலிருந்துதான் கிளம்புகிறது. தெரியாமல் கட்டினால் கல்லீரலின் அந்தப் பகுதிக்கு இரத்தம் குறையும்.

இன்னும் சில இடங்கள்:

கணையத் தலையை எடுக்கும் விப்பிள் அறுவையில், வலது ஹெபாட்டிக் தமனி சுப்பீரியர் மெசென்டரிக்கிலிருந்து கிளம்பிக் கணையத்துக்குப் பின்னால் ஏறினால், அது கத்தியின் பாதையிலேயே நிற்கிறது.

லேப்ராஸ்கோப்பில் பித்தப்பை எடுக்கும்போது, வலது ஹெபாட்டிக் தமனி கம்பளிப்பூச்சி போல வளைந்து பித்தப்பைக்குப் பக்கத்தில் வந்தால், அதையே பித்தப்பைத் தமனி என்று நினைத்துக் கிளிப் போட்டுவிடும் ஆபத்து உண்டு.

கல்லீரல் கட்டிக்குத் தமனி வழியாக மருந்து செலுத்தும்போது, வேறு இடத்திலிருந்து வரும் கிளையைப் பார்க்காமல் விட்டால் கட்டியின் ஒரு பகுதிக்கு மருந்தே போகாது.

சிறுநீரக மாற்று சிகிச்சையில் இது நேரடிக் கணக்கு. இறந்த கொடையாளரிடமிருந்து எடுக்கும்போது, இரண்டு தமனி இருந்தால் பெருந்தமனிச் சுவரில் ஒரு துண்டோடு சேர்த்து எடுத்து, அதை ஒரே வாயாகத் தைத்துவிடலாம். உயிருள்ள கொடையாளரின் பெருந்தமனியில் கை வைக்க முடியாது. தமனிகளைத் தனித்தனியே தைக்கவோ முதலில் ஒன்றோடொன்று இணைக்கவோ வேண்டும். அதனால்தான் ஒற்றைத் தமனியுள்ள சிறுநீரகத்தை முதலில் தேடுகிறார்கள்.

கையில் என்ன வேண்டும்? எவ்வளவு ஆகும்?

செலவு பெரிதல்ல. கடைக்குக் கடை விலை மாறும், இதை ஒரு மதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிசெக்‌ஷன் செட்: சுமார் 400 முதல் 800 ரூபாய். சீனியரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். முனை மழுங்கிய ஃபோர்செப்ஸ் இரண்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் வேலைக்குக் கத்தியைவிட அதுதான் முக்கியம்.

கையுறை ஒரு பெட்டி: 300 முதல் 500 ரூபாய். நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம்.

அளக்க வெர்னியர் காலிப்பர்: பிளாஸ்டிக்கில் 200 ரூபாய்க்குள், டிஜிட்டல் என்றால் 500க்கு மேல். துறையிலேயே இருந்தால் வாங்க வேண்டாம்.

வண்ணநூல், சிவப்பு அக்ரிலிக் பெயின்ட் ஒரு சிறு டப்பா, பென்சில், ரெக்கார்டு நோட்டு: மொத்தம் 150 ரூபாய்.

புத்தகம் வாங்க அவசரப்படாதீர்கள். கன்னிங்ஹாமின் செய்முறை நூல் இரண்டாம் தொகுதி நூலகத்தில் இருக்கும். வழி சொல்ல அது போதும்.

பணத்தைவிட அதிகம் கேட்பது நேரம். ஐந்து தமனிகளையும் ஒழுங்காகப் பின்தொடர ஒரு குழுவுக்கு ஆறு, ஏழு செய்முறை வகுப்புகள் ஆகும்.

எப்படி? படிப்படியாக

படி 1: அனுமதியும் வணக்கமும். மேசையில் இருப்பவர் நம் முதல் ஆசிரியர். தம் உடலை விரும்பிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். என்ன பார்க்கப் போகிறோம் என்று பொறுப்பாசிரியரிடம் சொல்லி, அனுமதி வாங்கித் தொடங்குவோம்.

படி 2: வெட்டும் முன் விரல். கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் நடுவே தொங்கும் மெல்லிய திரையின் வலது ஓரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பின்னால் ஒரு துளை இருக்கும். இடது கை ஆட்காட்டி விரலை அதற்குள் விட்டு, கட்டைவிரலை முன்னால் வைத்துப் பிடியுங்கள். முன்னால் வலப்புறம் பித்தநாளம், இடப்புறம் ஹெபாட்டிக் தமனி, பின்னால் போர்ட்டல் சிரை. பின்புறம் வலப்பக்கத்தில் இன்னொரு கயிறு தட்டுப்பட்டால் நோட்டில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சுப்பீரியர் மெசென்டரிக்கிலிருந்து வரும் வலது ஹெபாட்டிக்காக இருக்கலாம். திரையின் மேல்பகுதியில் கல்லீரலின் இடதுபக்கம் நோக்கி ஒரு கயிறு ஓடினால் இன்னொரு கேள்விக்குறி.

படி 3: சீலியாக் டிரங்க். ஹெபாட்டிக் தமனியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள், கணையத்தின் மேல் விளிம்புக்கு வருவீர்கள். அங்கே இடப்பக்கமாக வளைந்து நெளிந்து ஓடுவது ஸ்ப்ளீனிக். மேலே உணவுக்குழாய் நோக்கி ஏறுவது இடது காஸ்ட்ரிக். மூன்றும் சேருமிடத்தைச் சுற்றி நரம்புப் பின்னல் நார்போலக் கெட்டியாக இருக்கும். வெட்டாதீர்கள். ஃபோர்செப்ஸால் கிள்ளிக் கிள்ளி எடுங்கள். இந்த இடத்துக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு போகும்.

படி 4: பித்தப்பை முக்கோணம். பித்தப்பை நாளம், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரலின் கீழ் விளிம்பு: இந்த மூன்றுக்கும் நடுவே இருப்பதுதான் இன்று கலோ முக்கோணம் எனப்படுவது. பித்தப்பைத் தமனி இதற்குள் வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா, ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் பித்தப்பைச் சுவரில் நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.

படி 5: குடல் தமனிகள். குறுக்குப் பெருங்குடலை மேலே தூக்கி மார்பின்மேல் போடுங்கள். சிறுகுடலை இடதுபக்கம் ஒதுக்கினால் சுப்பீரியர் மெசென்டரிக் தெரியும். இடப்புறக் கிளைகள் சிறுகுடலுக்கு, வலப்புறக் கிளைகள் பெருங்குடலுக்கு. வலது கோலிக் என்று தனியாக ஒன்று பலருக்கு இருக்காது, தேடி மனம் சோர வேண்டாம். பிறகு சிறுகுடலை வலதுபக்கம் ஒதுக்கி இன்ஃபீரியர் மெசென்டரிக்கைப் பாருங்கள். இரண்டு தமனிகளின் கிளைகளும் பெருங்குடல் ஓரமாகக் கைகோத்து ஒரு நீள ஓடையாகப் போகும். மண்ணீரல் வளைவில் அந்த ஓடை சிலருக்கு ஒல்லியாகிவிடும். இரத்தம் குறைந்தால் முதலில் வாடும் கடைவரம்பு அது.

படி 6: சிறுநீரகம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு, பொறுமை பழகிய பிறகுதான் இங்கே வரவேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பை வழித்து எடுக்காதீர்கள். பெருந்தமனியிலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் போங்கள். நடுவாயில் நுழையும் தமனிகள் எத்தனை, மேல்முனைக்கோ கீழ்முனைக்கோ நேராகப் போவது எத்தனை என்று தனித்தனியே எண்ணுங்கள். முதல் கிளை பெருந்தமனியிலிருந்து 1.5 செ.மீ.க்குள் பிரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடையாளர் சிறுநீரகத்தில் அதுவும் இரண்டு தமனிபோலத்தான் கணக்காகும்.

மாணவனாக இருந்தபோது நான் இங்கேதான் சறுக்கினேன். சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் கீழ்முனைக்குப் போன மெல்லிய தமனியை நார் என்று நினைத்து நறுக்கிவிட்டேன். சிறுநீர்க் குழாய்க்குக் குறுக்கே போன கிளை அது. அப்படிப்பட்ட கிளை சில நோயாளிகளுக்குக் குழாயை அழுத்தி நீரை அடைத்துவிடும். அந்த மேசையில் பார்க்க இருந்த நல்ல விஷயத்தை நானே குப்பையில் போட்டேன். சிறுநீரகத்துக்குள் தமனிகள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதில்லை. ஒரு மடை அடைத்தால் அதன் கீழிருக்கும் வயல் காய்வது நிச்சயம்.

எப்படிப் பதிவது?

ஒவ்வொரு தமனிக்கும் ஆறு கேள்விகள்: எங்கிருந்து, எந்த முள்ளெலும்பின் உயரத்தில், எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், எதற்கு முன்னால் அல்லது பின்னால், கடைசியில் எங்கே. அளவை மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். முதலில் பென்சிலில் வரையுங்கள். ஆசிரியர் பார்த்துச் சரி என்ற பிறகே பெயின்ட்.

பெயர் வைக்கும்போது ஒரு சோதனை. வேறு இடத்திலிருந்து ஒரு தமனி வருகிறதா? வழக்கமான தமனியும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதியது 'அக்சஸரி', துணைக்கு வந்தது. வழக்கமானது இல்லவே இல்லையென்றால் அது 'ரீப்ளேஸ்டு', முழு வேலையையும் எடுத்துக்கொண்டது. துணைதானே என்று அக்சஸரியை அலட்சியம் செய்யவும் கூடாது. கல்லீரலின் ஒரு பகுதிக்கு அதுதான் முதலாளியாக இருக்கலாம்.

ஆய்வாகக் கொண்டுபோக ஆசை வந்தால், ஐ.சி.எம்.ஆர். இளநிலை மாணவர்களுக்கு நடத்தும் குறுகிய கால ஆய்வுத் திட்டத்தில் உதவித்தொகையோடு செய்யலாம். வழிகாட்டி ஆசிரியரும் நெறிமுறைக் குழு அனுமதியும் முதலில் தேவை.

கவனம்!

கைபேசியில் படம் எடுக்காதீர்கள். துறை அனுமதியோடு, முகமும் அடையாளமும் தெரியாமல் எடுத்தால் மட்டுமே பதிவு.

ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். ஜன்னல் பக்க மேசையானாலும் அரை மணிக்கு ஒருமுறை வெளியே போய் வாருங்கள்.

பதனிட்ட உடலில் தமனியின் தடிமன் உயிருள்ளவரிடம் இருப்பதைப் போல இருக்காது. அளவுகளை அப்படியே நோயாளிக்குப் பொருத்தாதீர்கள்.

மாறுபாடு என்பது நோயல்ல. வீட்டில் யாருக்காவது ஸ்கேன் அறிக்கையில் 'அக்சஸரி ரீனல் ஆர்ட்டரி' என்று வந்து, "மக்களே, இது என்ன வியாதி?" என்று கேட்டால், "பிறவியிலேயே உள்ள அமைப்பு. ஆப்பரேஷன் என்று வந்தால் மட்டும் இந்த அறிக்கையை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அறிக்கையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

உயிருள்ளவரிடம் எப்படி?

கையில் ஊசி வழியாக நிறமருந்து ஏற்றி, அது தமனிகளில் ஓடும் நொடிகளில் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் இன்று வழி. தனியார் மையங்களில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நிறமருந்து தொல்லை தரலாம், அதனால் முன்னதாக கிரியாட்டினின் பார்ப்பார்கள். எல்லோருக்கும் இது தேவையில்லை. சிறுநீரகம் கொடுப்பவர், கல்லீரல், கணைய அறுவைக்குப் போகிறவர் போன்றோருக்கே. வாய்ப்புக் கிடைத்தால் கதிரியக்கத் துறையில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். மேசையில் விரலால் தடவிய கயிறு திரையில் வெள்ளையாக ஓடும்.

மாறுபாடே கிடைக்கவில்லையென்றால்?

இது முதலாமாண்டில் எல்லோருக்கும் வரும் ஏமாற்றம். பக்கத்து மேசையில் இரண்டு ரீனல் தமனி கிடைத்துக் கூட்டம் கூடியிருக்கும், நம் மேசையில் எல்லாம் புத்தகம்போலவே இருக்கும்.

அதையும் அதே ஆறு கேள்விகளோடு முழுதாக எழுதுங்கள். மிக்கெல்ஸ் 55 சதவீதம் என்று எழுத முடிந்தது, வழக்கமான உடல்களையும் விடாமல் எண்ணியதால்தான். அபூர்வமானதை மட்டும் குறித்தால் அது எவ்வளவு அபூர்வம் என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஆகவே அடுத்த வகுப்புக்குப் போகும் முன் நோட்டில் பெருந்தமனியை மட்டும் பென்சிலில் வரைந்துகொள்ளுங்கள். கிளைகளை இப்போது போட வேண்டாம். உடல் காட்டிய பிறகு போடுவோம்.